கால் ஒத்துப்போனால் போதாது

டயர் கடைக்கும் கண்ணாடி வெட்டும் கடைக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடந்த அந்தப் பழுது பார்க்கும் கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. தேவைப்பட்டவர்கள் விசாரித்துக்கொண்டு வந்துவிடுவார்கள். லிஃப்ட் மெக்கானிக், பேக்கரிக்காரர், அச்சகக்காரர் என்று யார் வந்தாலும் கையில் மெஷினிலிருந்து கழற்றித் துணி சுற்றிய ஒரு சர்க்யூட் போர்டு இருக்கும். மெஷின் நின்றுபோயிருக்கும். அதைச் செய்த கம்பெனி எப்போதோ மூடிப்போயிருக்கும். புதிது வாங்க மனசும் வராது. "எப்படியாவது ஓட வச்சுக் குடுங்க" என்பார்கள்.

கடையை நடத்தியது கணவனும் மனைவியும். ஈயம் உருக்கிப் பற்றவைப்பதில் கைதேர்ந்தவன் என்பதால் வாடிக்கையாளர்கள் அவனுக்கு வைத்த பெயர் சால்டர். பூச்சி மாதிரிப் பதினான்கு கால் நீட்டிய ஐசி சில்லு ஒன்றை அவன் போர்டிலிருந்து கழற்றினால் அங்கே வெறும் ஓட்டைகள் மட்டும் பளிச்சென்று இருக்கும். தலைமுடி மாதிரி இருக்கிற செம்புக் கோடுகூடப் பிய்ந்து வராது. அவளுக்கு லென்ஸ் என்று பெயர். நெற்றியில் எந்நேரமும் ஒரு பூதக்கண்ணாடியை ஏற்றி வைத்திருப்பாள். காய்கறி வாங்கப் போகும்போதுகூடக் கழற்ற மறந்துவிடுவாள்.

வேலையும் அப்படியே பிரிந்திருந்தது. எந்த ஐசி செத்திருக்கிறது, அது என்ன ஐசி, அது இப்போது கிடைக்காது என்றால் பதிலுக்கு எதைப் போடலாம் என்பதெல்லாம் அவள் பாடு. கழற்றுவதும் பொருத்துவதும் அவன் பாடு. அந்தப் பழைய ஐசிகளில் பாதிக்கு ஊர் பேர் இருக்காது. தங்கள் போர்டைப் பார்த்து வேறு எவனும் செய்துவிடக் கூடாது என்று சில கம்பெனிகள் எண்ணைச் சுரண்டியிருக்கும். சில கம்பெனிகள் யாருக்கும் புரியாத சொந்த எண் ஒன்றை அச்சடித்திருக்கும். அவள் ஐசியின் முதுகில் ஊதி ஆவி படிய வைப்பாள், சாக்பீஸ் தூளைத் தேய்ப்பாள், விளக்கைச் சாய்த்துப் பார்ப்பாள். அப்படியும் தெரியாவிட்டால் ஒவ்வொரு காலும் போர்டில் எங்கே போய்ச் சேருகிறது என்று கோட்டைப் பிடித்துக்கொண்டே போவாள். "இது மாமியார் வீட்டுக்குப் போகுது. இது சம்பந்தி வீட்டுக்கு. இது எங்கயும் போகலை, பாவம், தனிக்கட்டை" என்று தனக்குள் முணுமுணுப்பாள். கடைசியில் நிமிர்ந்து, "கண்டுபிடிச்சுட்டேங்க" என்பாள்.

"சரி, கையில இருக்கா? எடு" என்பான் சால்டர்.

இப்படியே வருஷங்கள் ஓடின. ஒரு சண்டை சச்சரவு கிடையாது.

அப்போதுதான் ஸ்டாக்காரர் வந்தார். ஆளாக வரவில்லை, போனில் வந்தார். வேறொரு ஊரில் பழைய ஐசிகளை மட்டும் மூட்டை மூட்டையாக வாங்கி வைத்து விற்கிறவர். எங்கேயும் கிடைக்காத ஒன்றைத் தேடி லென்ஸ் அவரைப் போனில் பிடித்தாள். அது கிடைத்தது. அடுத்த வாரம் அவரே அழைத்து, தனக்கு வந்த ஒரு பெட்டியில் எண் சுரண்டிய ஐசிகள் இருப்பதாகவும், என்னவாக இருக்கும் என்று அவளுக்குத் தோன்றுகிறதா என்றும் கேட்டார். அவள் ஒரு யோசனை சொன்னாள். அது சரியாக இருந்தது. அதற்கு மேல் கேட்க வேண்டுமா? மதியச் சாப்பாடு முடிந்து கடை சற்று ஓய்ந்திருக்கும் நேரத்தில் போன் மணி அடிப்பது வழக்கமாகிவிட்டது. கையில் வேலை இருந்ததால் போனை மேஜை மேல் வைத்து ஸ்பீக்கரில்தான் பேசுவாள். ஒளிவு மறைவு ஒன்றும் இல்லை.

சால்டருக்கும் முதலில் ஒன்றும் தோன்றவில்லை. ஒரு நாள் டீ டம்ளர்களோடு கடைக்குள் நுழையும்போது மனைவியின் குரல் கேட்டது.

"எங்க வீட்டுக்காரர்கூட ஒரு தடவை அப்படித்தாங்க. ஐசி முதுகுல எழுபத்து நாலு முப்பத்திரண்டுன்னு போட்டிருந்துச்சு. ஓடிப்போய் அதே நம்பர்ல ஒண்ணு வாங்கிட்டு வந்து போட்டுட்டார். பார்த்தா அது நம்பரே இல்லை! எழுபத்து நாலாம் வருஷம் முப்பத்திரண்டாவது வாரம் செஞ்சதுன்னு தேதி போட்டிருக்கான்!"

"பால் பாக்கெட் மாதிரி தேதியைப் பார்த்து வாங்கிட்டார்னு சொல்லுங்க" என்றது போன்.

அவள் சிரித்தாள். கையிலிருந்த இடுக்கியை வைத்துவிட்டு, நாற்காலியில் சாய்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். சால்டர் வாசலிலேயே நின்றான். அந்தக் கதையை அவனே நாலு பேரிடம் சொல்லிச் சிரித்தவன்தான். ஆனால் அவள் வாயிலிருந்து இன்னொரு ஆணின் காதுக்கு அது போனது அவனுக்குப் பொறுக்கவில்லை. அவள் தன்னோடு கடைசியாக இப்படிச் சிரித்தது எப்போது என்று யோசித்துப் பார்த்தான். நினைவுக்கு வரவில்லை. டீயை ஓசைப்பட வைத்தான். அவள் நிமிர்ந்து பார்த்து, "அப்புறம் பேசறேங்க" என்று போனை வைத்தாள். அப்படி வைத்தது அவனை இன்னும் குத்தியது. தான் வந்ததும் ஏன் வைக்க வேண்டும்?

மாடியில் அவனுடைய அக்கா குடியிருந்தாள். கீழே வந்தால் இரண்டு வார்த்தை சொல்லாமல் போகமாட்டாள்.

"என்னடா தம்பி, மத்தியானமானா கீழ ஒரே சிரிப்பா இருக்கே. நான் டிவி வாங்கிட்டீங்களோன்னு நெனச்சேன்."

"வேலை விஷயமாப் பேசறா, அக்கா."

"வேலை விஷயமா? நானும் ஆபீஸ்ல வேலை பார்த்தவதான். ஒரு நாளும் எனக்கு அப்படிச் சிரிப்பு வந்ததில்லையே" என்று சொல்லிவிட்டு அவள் பாட்டுக்குக் காய் நறுக்கப் போய்விட்டாள்.

அதிலிருந்து சால்டருக்கு அந்த மதிய நேரம் வந்தாலே காது நீண்டுவிடும். கையில் சூடான சால்டரிங் ராடு இருக்கும். கவனம் போனில் இருக்கும். பேச்சில் தப்பாக ஒரு வார்த்தை வராதா என்று காத்திருந்தான். வந்தது எல்லாம் கால், மின்னழுத்தம், வருஷம், கம்பெனி முத்திரை. தப்பு ஒன்றும் அகப்படாதது அவனுக்கு நிம்மதியாக இல்லை. தப்பு இருந்தால் சண்டை போடலாம். எண்களைப் பேசிக்கொண்டு சந்தோஷமாக இருக்கிற இரண்டு பேரை என்ன சொல்லித் திட்டுவது?

ஒரு முறை கேட்டேவிட்டான். "அப்படி என்ன சிரிப்பு?"

"அது ஒண்ணுமில்லைங்க. ஒரு ஐசி பத்தி. சொன்னா உங்களுக்குச் சிரிப்பு வராது."

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். அவன் அதை இரண்டு நாள் மென்றுகொண்டிருந்தான்.

அந்த வாரமே போய் ஒரு டெஸ்டர் வாங்கி வந்தான். சோப்பு டப்பா அளவில் ஒரு பெட்டி. ஐசியை அதன் வாயில் வைத்துப் பட்டனை அழுத்தினால் இன்ன எண் என்று திரையில் காட்டும். மனைவியிடம் காட்டாமல் தன் பக்கத்து அலமாரியில் வைத்துக்கொண்டான். இனி எந்த ஸ்டாக்காரனும் தேவையில்லை. உண்மையைச் சொன்னால், அவளும் தேவையில்லை என்று ஒரு நாளாவது காட்ட வேண்டும் என்று அவனுக்கு இருந்தது.

சீக்கிரமே அதற்கு ஒரு வாய்ப்பு வந்தது. காலுறை பின்னும் ஒரு தொழிற்சாலையிலிருந்து சூப்பர்வைசரம்மா ஒரு போர்டைக் கொண்டுவந்தாள். உயரமான, சிரிக்காத பெண். பின்னல் ஊசிகளைத் தூக்கி இறக்கும் ரிலே சுவிட்சுகளை ஓட்டுகிற போர்டு அது. மெஷின் சூடேறியதும் ஒரு வரிசை ஊசி எழுவதில்லை என்றாள்.

லென்ஸ் பார்த்துவிட்டு, "இந்த ஐசிதான். ஆனா கம்பெனி சொந்த நம்பர் போட்டிருக்கான். எனக்குத் தெரிஞ்ச நம்பர் இல்லை. மத்தியானம் அவர்கிட்ட கேட்டுப் பார்க்கறேன்" என்றாள்.

"அவர்" என்று அவள் சொன்ன விதமே சால்டருக்குப் பிடிக்கவில்லை. அன்று மதியம் அவளுக்குப் பல் டாக்டரிடம் போக வேண்டியிருந்தது. அவள் தெருமுனை திரும்பியதும் அவன் ராடைச் சூடாக்கினான். ஐசியைப் பூப்போலக் கழற்றினான். நன்றாக ஆற விட்டு டெஸ்டரின் வாயில் வைத்து அழுத்தினான். திரையில் 7404 என்று வந்தது. சந்தைக்குப் போனால் கை நிறையக் கிடைக்கிற சாதாரண ஐசி. கடையிலேயே இருந்தது. பொருத்தினான். மேஜையில் ஐந்து வோல்ட் கொடுத்துப் பார்த்தான். எல்லாம் ஒழுங்காக வேலை செய்தது. பல வருஷத்துக்குப் பிறகு அவனுக்குச் சீட்டியடிக்கத் தோன்றியது.

அவள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தாள்.

"போர்டு ரெடி" என்றான்.

"அதுக்குள்ளயா? என்ன ஐசி அது?"

"எழுபத்து நாலு பூஜ்யம் நாலு. சிக்னலைத் திருப்பிப் போடற சாதாரண இன்வெர்ட்டர் ஐசி. இதுக்குப் போய் ஊரெல்லாம் போன் போடணுமா?"

அவள் முகம் சற்று மாறியது. "எப்படித் தெரிஞ்சுது?"

அவன் அலமாரியிலிருந்து பெட்டியை எடுத்துக் காட்டினான். அவள் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மரத்துப்போன வாயோடு மெதுவாகக் கேட்டாள். "சரிங்க, அதோட வெளியே போற காலெல்லாம் போர்டுல எங்க போகுதுன்னு பார்த்தீங்களா? நேரா ரிலேக்குப் போச்சுன்னா அது வேற ஐசி. காலெல்லாம் அதே இடத்துலதான் இருக்கும், ஆனா…"

"பார்த்தேன், பார்த்தேன். அதெல்லாம் பார்க்காமலா போடுவேன்?"

அவன் பார்க்கவில்லை. ஆனால் அவள் "ஆனா" என்று இழுத்ததில் ஸ்டாக்காரரின் குரலும் சேர்ந்து கேட்டமாதிரி அவனுக்கு இருந்தது. அதனால்தான் அந்தப் பொய் அத்தனை சுலபமாக வந்தது. பல் வலியில் அவளும் மேற்கொண்டு கேட்கவில்லை.

மறுநாள் காலை போர்டைப் பொருத்த அவனே தொழிற்சாலைக்குப் போனான். நீளமான கூடம். இரண்டு பக்கமும் மெஷின்கள் உருண்டுகொண்டிருந்தன. சாம்பல் நிறக் காலுறைகள் குழாய் குழாயாகக் கூடைகளில் விழுந்தன. சூப்பர்வைசரம்மா கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றாள். அவன் போர்டைச் செருகி, கதவை மூடாமலே சுவிட்சைப் போட்டான்.

கடையில் அவன் கொடுத்துப் பார்த்தது ஐந்து வோல்ட் மட்டும். இங்கே ரிலேக்களுக்கு வருவது இருபத்து நான்கு. அந்த இருபத்து நான்கு ரிலேயைத் தாண்டி நேராகப் புது ஐசியின் கால்களுக்குள் இறங்கியது. பட்டென்று ஒரு சத்தம். ஐசியின் முதுகு பிளந்து ஒரு துண்டு தெறித்துப் போனது. அதன் வழியே ஐந்து வோல்ட் கோட்டுக்குள் புகுந்த மின்சாரத்தில் பக்கத்திலிருந்த இன்னொரு பெரிய ஐசியும் வெடித்தது. புகை ஒரு நூலாக எழுந்து, கருகல் நாற்றம் கூடம் முழுக்கப் பரவியது. தையல் பிரிவில் இருந்த பெண்கள் எல்லாம் எழுந்து பார்த்தார்கள்.

"நேத்து ஒரு வரிசை ஊசிதான் எழும்பலை" என்றாள் சூப்பர்வைசரம்மா. "இன்னிக்கு மெஷினே எழும்பலை. நல்லா ரிப்பேர் பண்ணியிருக்கீங்க."

சால்டர் போர்டைக் கழற்றித் துணியில் சுற்றிக்கொண்டான்.

கடையில் லென்ஸ் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு போர்டைப் பார்த்தாள். சிறிது நேரம் கூட ஆகவில்லை. ஆறு கோடுகளை விரலால் தொட்டுக் காட்டினாள். ஆறும் நேராக ரிலேக்குப் போயின.

"இது பூஜ்யம் நாலு இல்லைங்க, பூஜ்யம் ஆறு. செய்யற வேலை ரெண்டும் ஒண்ணுதான், காலும் ஒண்ணுதான். ஆனா பூஜ்யம் ஆறு, முப்பது வோல்ட் வரைக்கும் தாங்கும். நாலு தாங்காது. உங்க பெட்டி வேலையை மட்டும்தான் பார்க்கும், தாங்குமா தாங்காதான்னு அதுக்கு எப்படித் தெரியும்?" பிறகு கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி அவனைப் பார்த்தாள். "பார்த்தேன்னு சொன்னீங்களே."

அவன் போர்டைச் சுற்றியிருந்த துணியை மடிக்க ஆரம்பித்தான்.

"ஏன் பொய் சொன்னீங்க?"

"நீ அந்த ஆளுக்குப் போன் போடக் கூடாதுன்னுதான்!" என்று கத்தினான். கண்ணாடிக் கடையில் வெட்டும் சத்தம் சட்டென்று நின்றது. அவன் குரலைத் தாழ்த்தினான். "தினம் தினம் அவன்கூடச் சிரிக்கிற. என்னைப் பத்திச் சொல்லிச் சிரிக்கிற. நான் உள்ள வந்தா வச்சுடற. நான் என்ன, இந்தக் கடையில கூலிக்கு வந்த ஆளா?"

அவள் போர்டைக் கோபமாகத் தள்ளி வைத்தாள்.

"நான் சிரிக்கிறதைப் பக்கத்துல நின்னு எண்ணிக்கிட்டிருந்தீங்களா? சரி, கேட்டீங்க, சொல்லிடறேன். இத்தனை வருஷத்துல எத்தனை ஐசி கண்டுபிடிச்சிருப்பேன். ஒரு நாளாவது நீங்க 'எப்படிக் கண்டுபிடிச்ச'ன்னு கேட்டதுண்டா? 'எடு'ன்னுதான் சொல்லியிருக்கீங்க. அவர் கேட்டார். முதல் நாளே கேட்டார். நான் சொன்னேன். அதுக்கு மேல அவர் சொன்னார். அவ்வளவுதாங்க. வேற என்ன இருக்குன்னு நெனச்சீங்க?"

வேறு ஒன்றும் இல்லை என்பது அவனுக்கு முன்பே தெரியும். அந்த 'அவ்வளவுதான்' என்பதே அவனுக்கு எட்டாத ஒன்றாக இருந்தது.

வெடித்த பெரிய ஐசியின் முதுகு போய்விட்டதால் எண் இல்லை. அவள் அன்று மாலை முழுக்க அவனோடு பேசாமல் அதன் பதினாறு கால்களையும் பின்தொடர்ந்தாள். அது 7445 ஆக இருக்க வேண்டும் என்று முடிவு செய்தாள். 7442க்கும் இதே கால்கள்தான், இதே வேலைதான். ஆனால் அதுவும் இருபத்து நான்கு வோல்ட்டைத் தாங்காது. தாங்குகிற 7406, 7445 இரண்டுமே கடையில் இல்லை, சந்தையிலும் இல்லை. எங்கே இருக்கும் என்று இருவருக்கும் தெரியும். அவள் போனை எடுத்தாள்.

"வேண்டாம். நான் நேர்ல போய் வாங்கிட்டு வரேன்" என்றான் சால்டர்.

அவள் தோளைக் குலுக்கிக்கொண்டாள். "போய்ட்டு வாங்க. பார்க்கணும்னுதானே இருக்கு உங்களுக்கு."

ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து சால்டர் மனசுக்குள் ஸ்டாக்காரருக்கு ஒரு உருவம் செய்துகொண்டே போனான். நல்ல வழுக்கை. தொப்பை. முன்பல் ஒன்று இல்லை. சட்டையில் பொத்தான் இல்லை. இறங்கும்போது அந்த ஆள்மேல் ஓரளவு இரக்கமே வந்திருந்தது.

பழைய கார் ஷெட் ஒன்றில் இருந்தது அந்தக் கடை. கதவைத் திறந்தவருக்கு அவன் வயசுதான் இருக்கும். நிமிர்ந்த உடம்பு. காதோரம் மட்டும் நரை. அதுவும் எடுப்பாக இருந்தது. இஸ்திரி போட்ட சட்டை. பல் எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. சால்டருக்கு அங்கேயே திரும்பிப் போய்விடலாமா என்று இருந்தது.

யாரென்று சொன்னதும் அவர், "அடடே, வாங்க வாங்க" என்று இரண்டு கையாலும் அவன் கையைப் பிடித்தார். சுவர் முழுக்கச் சின்னச் சின்ன இழுப்பறைகள். ஒரு மூலையில் ஒற்றை அடுப்பும் ஒற்றைத் தட்டும் கவிழ்த்து வைத்த ஒற்றை டம்ளரும் இருந்தன. மனைவி இறந்து சில வருஷம் ஆகிறது என்று டீ போட்டுக்கொண்டே சொன்னார். மகள் வேலைக்காக வெளியூர் போய்விட்டாள். டம்ளரை அவனுக்குக் கொடுத்துவிட்டுத் தான் ஒரு கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டார்.

இரண்டு ஐசிகளின் எண்ணையும் அவன் சொன்னான். அவர் கேள்வி எதுவும் கேட்காமல் போய் எடுத்து வந்தார். 7406 எண்ணோடு இருந்தது. மற்றதில் ஏதோ ஒரு ராணுவக் கிடங்கின் நீள எண் மட்டும் இருந்தது.

"இது 7445தானா?"

"அதேதான்."

"எப்படித் தெரியும்?"

கேட்ட பிறகுதான் சால்டருக்கு உறைத்தது. மனைவியிடம் ஒரு நாளும் கேட்காத கேள்வியை இந்த மனுஷனிடம் வந்த கொஞ்ச நேரத்தில் கேட்டுவிட்டான். காது மடல் சுட்டது. ஸ்டாக்காரர் கவனிக்கவில்லை. ஒரு மின்கலம், ஒரு சின்ன பல்ப், நாலு ஒயர் எடுத்துக்கொண்டு மேஜையில் உட்கார்ந்துவிட்டார். 7442 என்றால் தன் காலிலிருந்து தானே கொஞ்சம் மின்சாரம் தள்ளும். 7445 தள்ளாது, உள்ளே இழுக்க மட்டும்தான் செய்யும் என்று சொல்லி, ஒவ்வொரு காலாகத் தொட்டுக் காட்டினார். சொல்லும்போது முகம் மலர்ந்துகொண்டே போனது. சால்டருக்குப் புரிந்தது. புரிந்தது மட்டுமல்ல, பிடித்தும் இருந்தது. அது அவனுக்கு எரிச்சலாக இருந்தது.

கிளம்பும்போது ஸ்டாக்காரர், "நீங்க எதுக்கு நேர்ல வந்தீங்கன்னு எனக்குத் தெரியாம இல்லை" என்றார்.

சால்டர் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

"மறைக்காமச் சொல்லிடறேன். நாள் பூரா இங்க ஒரு சத்தம் இருக்காது. அவங்க போன்தான் எனக்குப் பேச்சு. ஒரு வீட்டுல, கைக்கெட்டற தூரத்துல, இதையெல்லாம் பேசறதுக்கு ஒருத்தர் இருக்காங்கன்னா… உங்க மேல எனக்குப் பொறாமைதான். தப்பா எடுத்துக்காதீங்க."

"தப்பாத்தான் எடுத்துக்கறேன்" என்றான் சால்டர்.

"எடுத்துக்கோங்க, நியாயம்தான். போன் பண்ணக் கூடாதுன்னா ஒரு வார்த்தை சொல்லுங்க. இன்னியோட நிறுத்திடறேன்."

அந்த ஒரு வார்த்தை சால்டரின் நாக்கு நுனியில் நின்றது. சொன்னால் இந்த ஆள் நிறுத்திவிடுவார். அது அவர் முகத்திலேயே தெரிந்தது. மதிய நேரம் அமைதியாகிவிடும். அவள் தலையைக் குனிந்துகொண்டு ஒரு வார்த்தை பேசாமல் கோடுகளைப் பின்தொடர்வாள். நேற்று மாலை எப்படி இருந்தாளோ, அப்படி.

"அதை அவகிட்டதான் கேட்கணும். அவளுக்கு வர்ற போன்" என்றான். இரண்டடி நடந்து திரும்பி வந்தான். "ஒரு நாள் வீட்டுக்குச் சாப்பிட வாங்க." அன்பில் சொன்னதல்ல. காதால் கேட்டு வேகிறதைவிடக் கண்ணால் பார்த்து வெந்துவிடலாம் என்று தோன்றியது.

காலுறை மெஷின் ஓடியது. சூப்பர்வைசரம்மா கடைசிவரை சிரிக்கவில்லை என்றாலும் இன்னொரு போர்டைக் கொடுத்தனுப்பினாள். லென்ஸ் பேசத் தொடங்கியிருந்தாள். ஆனால் அளந்து பேசினாள். மதியம் போன் வந்தால் ஸ்பீக்கரில் போடாமல் காதில் வைத்துச் சுருக்கமாக முடித்தாள். சிரிப்பதில்லை. அக்கா மாடிப்படியில் நின்று, "என்னடா, கீழ டிவி ரிப்பேரா?" என்றாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்டாக்காரர் பை நிறைய ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார். லென்ஸ் தலையைப் படிய வாரி, நல்ல உடை உடுத்தியிருந்தாள். நெற்றியில் பூதக்கண்ணாடி இல்லை. சால்டர் அதைப் பார்த்தான். தானும் சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டான். அக்காவும் வேடிக்கை பார்க்க இறங்கி வந்து, ஒரு நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

ஆனால் யாரும் எதிர்பார்க்காதது நடந்தது. அவர்கள் இருவருக்கும் பேச ஒன்றுமே இல்லை.

"பயணமெல்லாம் சௌகரியமா இருந்துச்சுங்களா?" என்றாள் லென்ஸ்.

"சௌகரியமா இருந்துச்சுங்க."

குழம்பு ஊற்றினாள். உள்ளே போனாள். வந்தாள். "ரயில்ல கூட்டமோ?"

"கூட்டம் இல்லைங்க."

போனில் மணிக்கணக்காகப் பேசியவர்கள், ஒருவரை ஒருவர் நிமிர்ந்து பார்க்காமல், தட்டில் இருந்த சோற்றைக் கிளறிக்கொண்டிருந்தார்கள். அக்காதான் அவரை மகள் பற்றியும் வாடகை பற்றியும் குடைந்தெடுத்தாள். அவர் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரியில் பதில் சொன்னார்.

சால்டருக்கு முதலில் குளுகுளுவென்று இருந்தது. இப்படியே விட்டால் போதும். இந்த மனுஷன் நாலு மணி வண்டிக்குக் கிளம்பிவிடுவார். வெட்கப்பட்டுப் போன இரண்டு பேர் இனிமேல் போனிலும் பழையபடி பேசமாட்டார்கள். யாரும் யாரையும் தடுக்கவில்லை, தானாகவே நின்றுபோயிற்று என்று ஆகிவிடும். அவன் ரசித்துச் சாப்பிட்டான். இரண்டாம் முறை மோர் கேட்டான். மோர் ஊற்ற வந்தவளின் முகத்தை அண்ணாந்து பார்த்தான். பாடம் படிக்காமல் தேர்வுக்கு வந்த பிள்ளை மாதிரி இருந்தாள். ஒரு பெரிய தோல்வியை அவள் தனியாகத் தாங்கிக்கொண்டிருந்தாள். காரணம் யாரென்று அவனுக்குத் தெரியும்.

மோரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தான். கையைக் கழுவிக்கொண்டு கடைக்குப் போனான். பல வாரமாக அவளுக்குப் பிடி கொடுக்காமல் கிடந்த ஒரு லிஃப்ட் போர்டு மேஜையில் இருந்தது. எண் சுரண்டிய நாலு ஐசிகள் அதில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. அதை எடுத்து வந்து சாப்பாட்டு மேஜையில், ஆரஞ்சுப் பழங்களுக்குப் பக்கத்தில் வைத்தான்.

"சோறு திங்கற இடத்துல என்னடா இது?" என்றாள் அக்கா.

ஸ்டாக்காரரின் கை தானாக நீண்டது. லென்ஸ் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து எதிரில் குனிந்தாள். "நாலாவது காலைப் பாருங்க, நான் அங்கதான் மாட்டிக்கிட்டேன்" என்றாள். "இது எர்த்துக்கா போகுது?" என்றார் அவர். "போகலை, அதுதானே வேடிக்கை." அவ்வளவுதான். அடுத்த நிமிஷத்தில் இருவரும் ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டிக்கொண்டு, போர்டைத் திருப்பித் திருப்பி, வெளிச்சத்துக்குத் தூக்கி, எண்களை அள்ளி வீசிக்கொண்டிருந்தார்கள். அவள் குரல் ஏறியது. கன்னம் சிவந்தது. அவர் ஏதோ சொல்ல, அவள் வாய்விட்டுச் சிரித்தாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு.

சால்டருக்கு எரிந்தது. இதை நானே எடுத்து வந்து வைத்தேனே என்று ஒரு கணம் தன்னையே நொந்துகொண்டான். எழுந்து கடைக்குப் போய்விடலாம். ராடைச் சூடாக்கிக்கொண்டு வேலையில் இறங்கிவிடலாம். அதற்குப் பதிலாக நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு மேஜையின் மூன்றாவது பக்கத்தில் உட்கார்ந்தான். அவர்கள் இடம் விடவில்லை, கவனித்தால்தானே. போர்டின் ஒரு ஓரம் மட்டும் அவனுக்குத் தெரிந்தது.

கொஞ்ச நேரம் கழித்து, "அது எண்ணிக்கை போடற கவுன்ட்டரா இருக்கும்" என்றான்.

இருவரும் நிமிர்ந்தார்கள்.

"இருக்காதுங்க" என்றாள் லென்ஸ், பழக்கதோஷத்தில் பட்டென்று. அவன் முகம் சுருங்கியது. அவள் அதைப் பார்த்துவிட்டாள். மறுபடி போர்டுக்குத் திரும்பப் போனவள் நின்று, "ஏன் அப்படித் தோணுச்சு உங்களுக்கு?" என்று கேட்டாள்.

ஏளனமாகக் கேட்கிறாளா என்று அவன் பார்த்தான். இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

"இது… நான் ஒரு தடவை இதுல ஒண்ணைக் கழட்டினேன் இல்லையா. அப்போ பார்த்தேன். ஒரு ஐசியோட கடைசிக் கால்லேர்ந்து கிளம்பற கோடு அடுத்த ஐசியோட முதல் காலுக்குப் போகுது. அதுலேர்ந்து அடுத்தது. ஒருத்தர் கையை ஒருத்தர் பிடிச்சுக்கிட்டுப் போற மாதிரி. அதான்…"

ஸ்டாக்காரரின் கண் விரிந்தது. "அப்படின்னா இது ஒண்ணுலேர்ந்து ஒண்ணுக்குக் கைமாத்தி விடற ஷிஃப்ட் ரிஜிஸ்—" என்று ஆரம்பித்தார்.

"இருங்க" என்று லென்ஸ் அவர் பக்கம் திரும்பாமலே கையை உயர்த்தினாள். "அவர் முடிக்கட்டும்."